மூன்றாவது அழைப்பு

எங்கள் சாய்பாஷி கிராமத்தில் ஆட்களை நடக்கக் கூட்டிக்கொண்டு போவதுதான் என் தொழில். மாடு மேய்க்க இல்லை, விறகு பொறுக்க இல்லை, சும்மா நடப்பதற்கு. வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் வீடுகளில் தங்குகிறவர்கள் காலையில் ரொட்டியும் பாலாடையும் தின்றுவிட்டு இன்றைக்கு எங்கே நடக்கலாம் என்று கேட்பார்கள், நான் கூட்டிக்கொண்டு போவேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து வீட்டு சபூர் மட்டும் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

"என்ன தோலிப், இன்னிக்கு மந்தையில எத்தனை உருப்படி?" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டுவான்.

"நாலு. அஞ்சாவதா நீயும் வர்றியா? புல்லு நான் போடுறேன்."

"எனக்கும் கால் இருக்குப்பா, ஆனா வேலை இருந்தாத்தான் நடப்பேன்."

அருவிக்குப் போகும் பாதையும் முகட்டுப் பாதையும் இளவட்ட வழிகாட்டிகளுக்கு. முட்டி தேய்ந்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாரும் என் பங்கு. விருந்தினர்களைப் பிரித்துவிடுகிற அலுவலகத்தின் காகிதத்தில் என் பாதைக்கு எதிரே "சுலபம், மூன்று மணி நேரம், கிராமம், காடு, மலைக் காட்சி" என்று அச்சடித்திருக்கும். பொய்யில்லை. கடைவீதியில் ஆரம்பித்து, மாவு மில் ஓடையை ஒட்டி, மண் சுவர்களுக்கும் நெட்டிலிங்கம் மாதிரி நிமிர்ந்து நிற்கிற பாப்ளர் மரங்களுக்கும் நடுவே போனால், கடைசி வீடு தாண்டியதும் மரப்பாலம். அதற்கு அப்பால் அக்ரூட் காடு. காட்டுக்குள் ஏற்றம் இருப்பதே தெரியாது. ஒரு மணி நேரத்தில் பெரிய புல்வெளிக்கு வந்து நின்றால் அக்பாஷ் மலை உச்சிப் பனியோடு எதிரே நிற்கும். அதைப் பார்த்து அழுத விருந்தாளிகளும் உண்டு. எனக்கு அது பழகிப்போன மலை.

இந்தச் சுலபமான பாதையில் கஷ்டமான இடம் ஒன்றே ஒன்றுதான். பாலத்துக்கு முன்னால் இருக்கிற அந்தக் கடைசி வீடு. நீலக் கதவு போட்ட வீடு. என் அக்கா ஹோசியாத்தின் வீடு.

சுற்றிப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் சுற்றிப் பார்த்தவன்தான். மேற்கே ஏறினால் கழுதைமுதுகு என்கிற மேடு, அதில் ஒரு தடவை நெதர்லாந்துக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் பாதியில் அவரை நான் சுமக்க வேண்டியதாகிவிட்டது. கிழக்கே ஓடை, பாலம் கிடையாது. ஆக, வாரத்துக்கு மூன்று நாள், ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் சம்பாதிக்க வேண்டும்.

நடந்தது இதுதான். அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குக் காட்டில் பதினோரு மரம். மரம் அரசாங்கத்துடையது, காய் பறிக்கிற உரிமை குடும்பத்துடையது. இலையுதிர் காலத்தில் ஊரே வீட்டைப் பூட்டிவிட்டு மாடு, கோழி, மெத்தை, பானை எல்லாவற்றோடும் காட்டுக்குள் போய்க் கூடாரம் அடிக்கும். நாற்பது நாள். நாங்களும் அக்கா குடும்பமும் ஒரே கூடாரம், ஒரே அடுப்பு. அப்பா இறந்த வருஷம், காட்டு இலாகாவில் புதுக் காகிதம் எழுத வேண்டியிருந்தது. ஒரு பெயர்தான் எழுத முடியும் என்றார்கள். என் பெயரை எழுதிவிட்டு வந்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒரு கல்யாணம் வந்தது, பிறகு வைக்கோல் வேலை வந்தது, இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது.

காய் உலுக்குகிற நாளில் வனக்காவலர் கூடாரம் கூடாரமாக வந்து பட்டியலைச் சத்தமாகப் படித்தார். "தோலிப், பதினோரு மரம்." அக்கா கையில் பாதி நிறைந்த சாக்கு. அக்ரூட் தோல் உரித்து உரித்து முழங்கை வரை கறுத்த கை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா," என்றாள். "நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?"

அவ்வளவுதான் கேட்டாள். சுற்றிலும் ஆட்கள். வனக்காவலர், சபூர், என் மாமனார் வீட்டுக்காரர்கள். எனக்கு வெட்கம் வந்தால் கத்துவேன். அது என் வியாதி, இன்றும் தீரவில்லை.

"கட்டிக் குடுத்துப் போனவளுக்கு இந்தக் காட்டுல ஏது மரம்?" என்று கத்தினேன்.

அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் என்னை முதுகில் கட்டிக்கொண்டு அதே மரங்களுக்கு அடியில் காய் பொறுக்கியவள் அவள். சாக்கைக் கீழே வைத்தாள். மெத்தையைச் சுருட்டினாள், தன் பானையை எடுத்துக்கொண்டாள். மச்சான் கழுதையில் ஏற்றினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில், காட்டை விட்டு இறங்கிப் போனார்கள். பின்னாலேயே ஓடியிருக்கலாம். நான் மரத்தில் ஏறிக் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆறு வருஷம், என் தலை சந்து முனையில் தெரிந்தாலே அந்த நீலக் கதவு சாத்திக்கொள்ளும். எனக்கு அது வசதியாகவே இருந்தது. கதவு சாத்தியிருந்தால் பார்க்காமல் போகலாம். பிறகு ஒரு குளிர்காலத்தில் மச்சான் இறந்தார். ஆண்களோடு ஆணாகப் போய் வரிசையில் நின்றேன், தோள் கொடுத்தேன், ஆண்களோடு திரும்பினேன். பெண்கள் இருந்த அறைக்குப் போய்த் தனியாக அக்காவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த கோடையில் முதல் நடைக்கு மூன்று பேரோடு போனேன். கதவு திறந்திருந்தது. அவள் வாசலில் விளக்குமாற்றோடு நின்றாள். நெஞ்சில் கை வைத்து, யாருக்கும் சொல்வது போல, "வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

எங்கள் ஊரில் இதைச் சொல்லாத வாசல் கிடையாது. தெருவில் ஒரு நாயும் நானும் போனால் நாயை மட்டும்தான் கூப்பிடாமல் விடுவார்கள். ஒரு தடவை சொன்னால் அது வாசல் மரியாதை. இரண்டு தடவை சொன்னால் தெரிந்தவர் என்ற மரியாதை. மூன்றாவது தடவை சொன்னால்தான் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, நிஜமாகவே கூப்பிடுகிறார்கள் என்று பொருள். முதல் இரண்டுக்கும் நெஞ்சில் கை வைத்து, "நல்லா இருங்க, நேரமாகுது," என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதை யாரும் யாருக்கும் கற்றுத் தருவதில்லை, பல் முளைப்பது போல தானாக வந்துவிடும்.

"நல்லா இருங்க, நேரமாகுது," என்றேன்.

"வாங்க, ஒரு வாய் டீதானே," என்றாள் இரண்டாவது தடவை.

"நல்லா இருங்க."

நான் நின்றேன். மூன்றாவது வரும் என்று நினைத்தேன். அவள் பெருக்க ஆரம்பித்தாள். நான் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஐந்து கோடை இப்படியே போனது. ஒரு நாள்கூட அவள் வாசலில் நிற்காமல் இருந்ததில்லை. இரண்டு தடவை கூப்பிடுவாள், நான் இரண்டு தடவை மறுப்பேன், அப்புறம் இரண்டு பேரும் ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்போம். மூன்றாவதைச் சொல்ல உனக்கு என்ன கேடு என்று உள்ளுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே போவேன். மூத்தவள்தானே, மனசு பெரிசாக இருக்க வேண்டாமா? என் மனைவி மவ்லூதா ஒருநாள் கேட்டாள்: "தினமும் கூப்பிடுறாங்கல்ல, போனா என்ன?"

"அது சும்மா மரியாதைக்குக் கூப்பிடுறது."

"மரியாதைக்கு அஞ்சு வருஷமா?"

"மூணு தடவை கூப்பிடட்டும், போறேன். நான் என்ன பிச்சைக்காரனா?"

"நீங்க ஒரு கழுதை," என்றாள் மவ்லூதா. அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன வருஷம் செப்டம்பர் கடைசியில் போஜேனா வந்தாள். ஸ்லோவாகியாவில் முப்பது வருஷம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள், அகலமான பெண், இரண்டு முட்டியிலும் கட்டு. அவளுடைய ரஷ்ய மொழி பள்ளிக்கூடத்தில் படித்தது, என்னுடையது ராணுவத்தில் படித்தது. ஆகவே அவள் பேசினால் பாடம் மாதிரி இருக்கும், நான் பேசினால் அதட்டல் மாதிரி இருக்கும். மற்றபடி நன்றாகப் பேசிக்கொண்டோம். அன்று வேறு ஆளில்லை, நாங்கள் இருவர் மட்டும்தான்.

"சுலபம்னு போட்டிருக்கு," என்றாள் மில்லைத் தாண்டும்போதே மூச்சு வாங்கிக்கொண்டு. "யாருக்குச் சுலபம்னு போடலையே?"

"ஆட்டுக்கு," என்றேன்.

"நல்லவேளை, எங்க அம்மா என்னை ஆடுன்னுதான் கூப்பிடுவா."

நீலக் கதவுக்கு வந்தோம். அக்கா நின்றாள். "வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க." நான் நெஞ்சில் கை வைத்து வாயைத் திறப்பதற்குள் போஜேனா, "டீயா? கடவுளுக்கு நன்றி!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டாள். கைத்தடியை என்னிடம் நீட்டினாள், வாசலிலேயே உட்கார்ந்து காலணியைக் கழற்றினாள், முற்றத்து மரக்கட்டிலை நோக்கி நடந்தாள். ஒரே அழைப்பில். எங்கள் ஊரில் குழந்தைகூட அப்படிப் போகாது.

அக்கா ஒரு நொடி திகைத்தாள். பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு. என் பக்கம் திரும்பி, "நீங்களும் வாங்க," என்றாள். அது இரண்டாவது.

"நல்லா இருங்க," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். கதவைச் சாத்தவில்லை. அப்படியே திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் வெளியே நின்றேன். ஒரு கையில் என் பை, ஒரு கையில் கிழவியின் தடி. திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. கட்டிலின் மேல் விரிப்பு ஏற்கெனவே விரித்திருந்தது. ரொட்டி, பாலாடை, கல்கண்டு, உலர்ந்த ஆப்ரிகாட், இரண்டு மூன்று கிண்ணங்கள். அப்போதுதான் வந்து விரித்ததல்ல. வருகிற ஆளுக்காகக் காலையிலேயே விரித்து வைத்த விரிப்பு. டீக்குத் தண்ணீர் கொதிக்கிற சமோவார் புகைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகும் நான் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. நாற்பது நிமிஷம் நின்றேன்.

சபூர் கழுதையில் அக்ரூட் மூட்டையோடு காட்டிலிருந்து இறங்கி வந்தான். என்னைப் பார்த்ததும் கழுதையை நிறுத்தினான்.

"என்னப்பா இது, அக்கா வீட்டுக்குக் காவலா?"

"போடா உன் வேலையைப் பாத்துக்கிட்டு."

"தடி வேற வச்சிருக்கே. கடிக்க வர்ற நாயை விரட்டவா?"

வழக்கமாக நான் திருப்பிக் கொடுப்பேன். அன்று தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். சபூர் உள்ளே எட்டிப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், கழுதையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் கேலி செய்யாமல் போனதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

போஜேனா வெளியே வந்தபோது அவள் சட்டைப்பைகள் அக்ரூட்டால் பிதுங்கின. அக்கா வாசல் வரை வந்து அவளைக் கட்டிப்பிடித்து வழியனுப்பினாள். என் பக்கம் திரும்பவில்லை. பாலத்தைத் தாண்டினோம். காட்டுக்குள் அறுவடை மும்முரம்; எங்கள் கூடாரத்தில் என் பையன் இருந்தான், நானும் மவ்லூதாவும் விருந்தாளிகளுக்காக ஊரில் தங்கியிருந்தோம். மரத்துக்கு மரம் ஆள், கிளை உலுக்குகிற சத்தம், காய் மழை போல விழுகிற சத்தம், கூடாரப் புகை. இரண்டு பக்கமும், "வாங்க, டீ குடிங்க, வாங்க," என்று குரல். போஜேனா ஒவ்வொருவருக்கும் கையசைத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் பேசவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று தெரிந்தது, ஏன் என்றும் தெரிந்தது.

புல்வெளியில் விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்தாள். எதிரே அக்பாஷ். மேகமே இல்லை, புதுப் பனி விழுந்து இடுப்பு வரை வெள்ளை. அவள் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"உங்க அக்காவாமே அது."

"ஆமா."

"அப்புறம் வெளியில எதுக்கு நின்னீங்க? நான் தடியைக் குடுத்ததுக்காகவா?"

எனக்கு அவளிடம் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை என்று ராணுவ ரஷ்ய மொழியில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. "மூணாவது தடவை அவ கூப்பிடவே இல்லை," என்று முடித்தேன்.

போஜேனா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அந்தம்மா ரஷ்யன் கொஞ்சம்தான் பேசுது. ஆனா இதை நல்லாவே சொல்லிச்சு. 'ரெண்டு தடவை நான் கூப்பிடுறேன். மூணாவது அவன் பேச வேண்டியது'ன்னு சொல்லிச்சு. என்ன பேசணும்னு கேட்டேன். அது அவனுக்குத் தெரியும்னு சொல்லிடுச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அடுத்த வாரம் பையன் வந்து ரஷ்யாவுக்குக் கூட்டிட்டுப் போறானாம். வீட்டைப் பூட்டிட்டுப் போகுது. அது தெரியுமா?"

அது எனக்குத் தெரியாது. ஊருக்கே தெரிந்திருக்கிறது, மவ்லூதாவுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் கத்துவேன் என்று நினைத்திருப்பார்கள். போஜேனா ஒரு அக்ரூட்டைப் பாறையில் வைத்துக் கல்லால் உடைத்து, பாதியை என்னிடம் நீட்டினாள். மலையைப் பாருங்கள், இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று நான் சொன்னேன். "பாத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றாள் அவள். பார்க்கவில்லை.

மூன்று நாள் எனக்கு நடை எதுவும் இல்லை. நான்காம் நாள் காலையில் மவ்லூதா இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றி என் முன்னால் வைத்தாள்.

"போயிட்டு வாங்க. விருந்தாளி யாரையும் கூட்டிட்டுப் போகாதீங்க. தனியாப் போங்க."

"போய் என்னன்னு சொல்றது?"

"அன்னிக்கு நான் பேசினது தப்புன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு எழுத்து வேண்டாம். நீங்க கூடப் பேசினா கெடுத்துடுவீங்க."

வெறும் ரொட்டியோடு போக எனக்கு மனம் வரவில்லை. பரணில் இருந்து ஒரு பை அக்ரூட் எடுத்தேன். எங்கள் மரத்துக் காயில் பெரியதாக, வெள்ளையாக, ஓட்டை இல்லாததாக ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அவள் சின்ன வயதில் பொறுக்கிய அதே மரங்களின் காய், அதைக் கொடுத்தால் நான் சொல்ல வந்தது பாதி சொன்ன மாதிரி என்று நினைத்தேன். மவ்லூதா ஆட்டைக் கறந்துகொண்டிருந்ததால் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தடுத்திருப்பாள்.

அந்தப் பாதையில் பின்னால் யாரும் இல்லாமல் நான் நடந்தது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றுதான். மெதுவாக நட, இந்தச் சுவரைப் பார், அந்தக் கிளி மூக்கு மாதிரி வளைந்த ஆப்பிளைப் பார் என்று சொல்ல ஆளில்லை. அன்னிக்கு நான் பேசினது தப்பு, அன்னிக்கு நான் பேசினது தப்பு என்று காலடிக்குக் காலடி சொல்லிக்கொண்டே போனேன். நன்றாகத்தான் வந்தது.

அக்கா வாசலில் நின்றாள். பின்னால் யாரும் வருகிறார்களா என்று சந்தின் முனையைப் பார்த்தாள். யாரும் இல்லை. அவள் கை நெஞ்சுக்குப் போனது.

"வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

"வர்றேன்க்கா," என்றேன்.

ஒரே அழைப்பில் போனேன். போஜேனா மாதிரி. அக்காவுக்குக் கண் கலங்கியதைப் பார்த்தேன். அவள் முன்னால் நடந்தாள், நான் காலணியைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறினேன். என்னை மேல்முனையில், பெரியவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார வைத்தாள், முதுகுக்குத் திண்டு வைத்தாள். ரொட்டியை வாங்கி முத்தமிட்டு விரிப்பில் வைத்தாள். பையை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், திறக்கவில்லை.

டீ ஊற்றினாள். பாதிக் கிண்ணம். எங்கள் பக்கத்தில் நாம் விரும்புகிறவருக்குப் பாதிதான் ஊற்றுவோம். குடித்ததும் மறுபடி ஊற்றலாம், அவரும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கலாம்.

"முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"பரவாயில்லை."

"அந்த டிராம் அம்மா ஊருக்குப் போயாச்சா?"

"போயிட்டாங்க. பெரிய வாயாடி."

"நல்ல பொம்பளை," என்றாள் அக்கா. கிண்ணத்தை வாங்கி மறுபடி பாதி ஊற்றினாள்.

இப்போது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் இந்த வருஷம் மழை தாமதம் என்று வந்தது. மரப்பாலத்தில் இரண்டு பலகை ஆடுகிறது, மாற்ற வேண்டும் என்று வந்தது. மவ்லூதாவின் இடுப்பு வலி, சபூரின் கழுதை, என் பையனின் கல்யாணப் பேச்சு என்று எல்லாம் வந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு தடவையும் பாதி. எத்தனை கிண்ணம் என்று எண்ணவில்லை. எனக்குக் கொடுத்த நேரம் அது என்று இப்போது தெரிகிறது. அன்று, இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு தீர்ந்துபோனது. அக்கா அந்தப் பையை மடிக்கு இழுத்து அவிழ்த்தாள். ஒரு காயை எடுத்துக் கையில் உருட்டினாள்.

"உங்க மரத்துக் காயா?" என்றாள்.

மெதுவாகத்தான் கேட்டாள். குத்தலே இல்லை. வாசலைத் திறந்து, உட்கார வைத்து, கடைசியில் நான் சொல்ல வேண்டிய வார்த்தையின் பக்கத்திலேயே கொண்டுவந்து விட்டாள். நம்ம மரம்க்கா என்று சொல்லியிருந்தால் போதும். அன்னிக்கு நான் பேசினது தப்பு என்றுகூட வேண்டியிருக்காது.

"ஆமாக்கா," என்றேன். "இந்த வருஷம் நல்ல காய்ப்பு."

அவள் காயைப் பையில் போட்டாள். பையைக் கட்டினாள். என் கிண்ணத்தை எடுத்தாள், டீயை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். விளிம்பு வரை ஊற்றி, சிந்தாமல் இரண்டு கையாலும் என் முன்னால் வைத்தாள்.

எங்கள் ஊரில் கிண்ணம் நிறைய ஊற்றினால் இதைக் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு ஊற்றியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

சூடாக இருந்தது. முழுவதையும் குடித்தேன். குடித்து முடிக்கும் வரை அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன், காலணியை மாட்டினேன். வாசல் வரை வந்தாள்.

"நல்லா இருங்க," என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பையன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஊர் முழுவதும் காட்டிலிருந்து இறங்கி வந்து வழியனுப்பக் கடைவீதியில் வேனைச் சுற்றி நின்றது. நானும் நின்றேன், கூட்டத்தில், சபூருக்குப் பின்னால்.

தப்பு என்னுடையது என்று இந்தத் தாளில் எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவளுடைய ரஷ்ய நம்பரை மவ்லூதா என் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுகிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன், அங்கே குளிரா என்று கேட்கிறேன். குளிர்தான் என்கிறாள். பிறகு அந்தப் பக்கம் அவள் பேசாமல் காத்திருக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. சரிக்கா, வச்சிடுறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.